டாக்ஸி ஜன்னலும் கோதுமைத் தண்டும்

1966ஆம் ஆண்டு. தில்லியில் புழுக்கம் தாங்க முடியாத ஓர் இரவு. பழைய டாக்ஸி ஒன்றில் ஓர் அமெரிக்கக் குடும்பம் ஹோட்டலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. கணவர் பால் எர்லிக், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உயிரியல் பேராசிரியர். முப்பதுகளின் முற்பகுதியில் இருந்த அவர், வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி உலகில் மிகச் சிலருக்கே தெரிந்த விஷயங்களை அறிந்தவர். கூட மனைவி ஆன், அவர்களுடைய சிறுமி. டாக்ஸி நெரிசலான ஒரு பகுதிக்குள் நுழைந்தது. சாலையோரம் சமைப்பவர்கள், படுத்திருப்பவர்கள், பஸ்ஸில் தொங்குபவர்கள், ஜன்னலுக்குள் கை நீட்டுபவர்கள். எங்கு திரும்பினாலும் மனிதர்கள். மக்கள்தொகைப் பிரச்சினையை அதுவரை அறிவால் மட்டும் தெரிந்துவைத்திருந்த பேராசிரியருக்கு அது அன்றுதான் மனதில் உறைத்ததாம். ஹோட்டலுக்குப் போய்ச் சேருவோமா என்றே பயம் வந்துவிட்டது.

இந்த இரவை முதல் காட்சியாக வைத்து அவர் எழுதிய 'பாப்புலேஷன் பாம்' என்ற புத்தகம் 1968ல் வெளியானது. இருபது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஜானி கார்ஸனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் எர்லிக் திரும்பத் திரும்பத் தோன்றினார். புத்தகம் சொன்ன சேதியில் சந்தேகத்துக்கே இடமில்லை. உணவுக்கான போர் முடிந்துவிட்டது, மனிதகுலம் தோற்றுவிட்டது. 1970களில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் சாவார்கள். இனி என்ன செய்தாலும் அதைத் தடுக்க முடியாது. இந்தியாவைப் பற்றித் தனியாக ஒரு கணக்கும் இருந்தது. 1980க்குள் கூடுதலாக 20 கோடிப் பேருக்கு இந்த நாடு சோறு போடுவது சாத்தியமே இல்லை.

எர்லிக் பார்த்த தில்லியின் ஜனத்தொகை 1961 சென்ஸஸ்படி சுமார் 26 லட்சம். அதே காலத்தில் பாரிஸும் அதன் சுற்றுப்புறமும் சேர்ந்து 80 லட்சத்தைத் தாண்டியிருந்தன. பாரிஸில் டாக்ஸியில் போன எந்தப் பேராசிரியருக்கும் உலகம் அழியப் போகிறது என்று தோன்றியதாகத் தகவல் இல்லை. ஜன்னலுக்கு வெளியே அவர் பார்த்தது வறுமையை. அதை எண்ணிக்கை என்று வாசித்துக்கொண்டார்.

ஆனாலும் அவரை முட்டாள் என்று ஒதுக்கிவிட முடியாது. 1966ல் இந்தியாவைப் பற்றி நம்பிக்கையோடு பேசியவனைத்தான் ஊர் ஒரு மாதிரியாகப் பார்த்திருக்கும். 1964-65ல் ஏறத்தாழ 8.9 கோடி டன்னாக இருந்த உணவு தானிய உற்பத்தி, மறு ஆண்டு மழை பொய்த்ததும் 7.2 கோடி டன்னுக்குச் சரிந்தது. அடுத்த ஆண்டும் மழை இல்லை. பீகாரில் பஞ்சம். அமெரிக்காவில் விளைந்த கோதுமையில் ஐந்தில் ஒரு பங்கு இந்தியாவுக்குக் கப்பலேறியது. பி.எல்.480 கோதுமை கப்பலிலிருந்து இறங்கி நேராக வாய்க்குப் போகிறது என்று பேசிக்கொண்டார்கள். ஜனாதிபதி ஜான்சன் அந்தக் கப்பல்களையும் கயிற்றைச் சுருக்கிப் பிடிப்பது போல மாதாமாதம் கணக்குப் பார்த்துத்தான் அனுப்பினார். அதற்கு முந்தைய ஆண்டு பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டை விட்டுவிடும்படி நாட்டைக் கேட்டுக்கொண்டதும், பல நகரங்களில் ஹோட்டல்கள் அன்று மாலை அடுப்பை அணைத்ததும் அந்தத் தலைமுறைக்கு நினைவிருக்கும்.

எர்லிக்குக்கு முன்பே, 1967ல், வில்லியம் பாடக், பால் பாடக் என்ற சகோதரர்கள் 'பஞ்சம் 1975' என்று தலைப்பிலேயே ஆண்டைக் குறித்து ஒரு புத்தகம் எழுதியிருந்தார்கள். ஒருவர் விவசாய நிபுணர், மற்றவர் வெளியுறவுத் துறையில் இருந்தவர். போர்க்களத்து ஆஸ்பத்திரியில் காயமுற்றவர்களை மூன்றாகப் பிரிப்பார்கள். தானாகப் பிழைப்பவன், வைத்தியம் பார்த்தால் பிழைப்பவன், எப்படியும் சாகப் போகிறவன். மூன்றாமவன் மேல் மருந்தை வீணாக்கக் கூடாது. நாடுகளையும் இப்படிப் பிரிக்கலாம் என்றார்கள் சகோதரர்கள். இந்தியா மூன்றாம் வகையில் வந்தது. அதற்கு அனுப்பும் கோதுமை வீண், பிழைக்கக்கூடிய நாட்டுக்குக் கொடுங்கள் என்பது ஆலோசனை. எர்லிக் தன் புத்தகத்தில் இதை ஆமோதித்தார். ஏறத்தாழ ஐம்பது கோடிப் பேர் இருந்த ஒரு நாட்டை இப்படி ஒரு பட்டியலில் சேர்ப்பதற்கு எவ்வளவு நிச்சயம் வேண்டும்! அந்த யோசனையை எந்த அரசும் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை என்பது அதிர்ஷ்டம்தான்.

இதே சமயத்தில் எர்லிக்கின் டாக்ஸி ஓடிய அதே தில்லியில் வேறொரு காரியமும் நடந்துகொண்டிருந்தது. பூசாவில் உள்ள இந்திய விவசாய ஆராய்ச்சி நிறுவனத்தில் எம்.எஸ்.சுவாமிநாதனும் அவருடைய சகாக்களும் மெக்ஸிகோவிலிருந்து நார்மன் போர்லாக் அனுப்பிய கோதுமையைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். நம்மூர்க் கோதுமையின் கோளாறு அதன் உயரம். உரத்தையும் தண்ணீரையும் தாராளமாகக் கொடுத்தால் கதிர் கனத்து, நெட்டைத் தண்டு தாங்காமல் தரையில் சாய்ந்துவிடும். அதனால் எவ்வளவு உரம் போட்டாலும் விளைச்சல் ஒரு எல்லையோடு நின்றது. ஜப்பானின் நோரின் 10 என்ற குட்டை ரகத்தின் குணம் அமெரிக்கா, மெக்ஸிகோ வழியாகச் சுற்றி இங்கு வந்து சேர்ந்ததும் அந்த எல்லை உடைந்தது. தண்டு குட்டையாக இருந்தால் கதிர் சாயாது. ஹெக்டேருக்கு ஒரு டன் எடுப்பதே பெரிய விஷயமாக இருந்த நாட்டில், சோதனை வயல்களில் நாலு டன்னுக்கு மேல் விளைந்தது. கடந்த காலத்து விளைச்சலைக் கோடாக வரைந்து 1980 வரை நீட்டிப் பார்த்தவர்கள் எவருடைய காகிதத்திலும் தண்டின் உயரம் என்ற ஒரு சமாசாரம் இல்லை.

ஆனால் இங்கும் நிச்சயம் கொண்டவர்களுக்குக் குறைவில்லை. இந்திய விவசாயி விதியை நம்புகிறவன், படிப்பில்லாதவன், பாட்டன் செய்ததை விட்டு அசைய மாட்டான் என்று தில்லியின் கோப்புகளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. சுவாமிநாதன் குழு செயல்விளக்க வயல்களை வேண்டுமென்றே சிறு விவசாயிகளின் நிலத்தில் போட்டது. பணக்காரன் வயலில் நன்றாக விளைந்தால் அது பணத்தின் மகிமை என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். தில்லியின் எல்லையில் உள்ள ஜோன்தி என்ற கிராமம் விதை கிராமமாகவே மாறியது. அசைய மாட்டார்கள் என்று சொல்லப்பட்டவர்கள் அங்கே விதை கேட்டு நின்றார்கள். அவர்களுக்கு இருந்த குறை ஒன்றுதான். மெக்ஸிகோ கோதுமை சிவப்பாக இருந்தது, சப்பாத்தியும் அப்படியே. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் கல்யாண் சோனா, சோனாலிகா போன்ற வெளிர்நிற ரகங்கள் வந்தன.

அன்றைய உணவு அமைச்சர் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரான சி.சுப்பிரமணியம். 18,000 டன் விதைக் கோதுமையை மெக்ஸிகோவிலிருந்து இறக்குமதி செய்ய 1966ல் அவர் முடிவெடுத்தார். அந்நியச் செலாவணி வறண்டுகிடந்த ஆண்டு அது. ஜூன் மாதம் ரூபாயின் மதிப்பைக் குறைக்க வேண்டி வந்தது. திட்டக் கமிஷனில் தயக்கம், இடதுசாரிகளிடம் எதிர்ப்பு. விதை முளைக்காவிட்டால், நோய் தாக்கினால், மழை மறுபடியும் ஏமாற்றினால் என்ற கேள்விகள் எல்லாமே நியாயமானவைதான். சுப்பிரமணியத்திடம் இருந்ததும் ஒருவகை நிச்சயம்தானே என்று கேட்கலாம். வித்தியாசம் உண்டு. அவருடைய முடிவுக்குப் பின்னால் பூசாவிலும் விவசாயிகளின் வயல்களிலும் அடுத்தடுத்த பருவங்களில் எடை போட்டுப் பார்த்த கோதுமை இருந்தது. தவறு என்றால் அடுத்த அறுவடையே காட்டிக்கொடுத்துவிடும். அடிவாங்குவது அவருடைய பதவி. பஞ்சம் வரும் என்று சொன்ன பேராசிரியருக்கு அந்த ஆபத்து இல்லை.

(பதவி போகத்தான் போனது, வேறு காரணத்துக்காக. 1967 தேர்தலில், அரிசித் தட்டுப்பாடும் 'ரூபாய்க்கு மூன்று படி' வாக்குறுதியும் சேர்ந்து அடித்த அலையில், கோபிசெட்டிபாளையத்தில் அவர் தோற்றார். விதை மண்ணில் விழுந்துவிட்டது, விளைச்சல் இன்னும் வரவில்லை.)

வந்தது 1968 வசந்தத்தில். அதற்கு முன் சிறந்த ஆண்டிலேயே சுமார் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை, ஒரே தாவலில் 1.6 கோடி டன்னைத் தாண்டியது. மூட்டைகளை வைக்க இடமில்லாமல் பஞ்சாபில் பள்ளிக்கூடங்களுக்கு முன்கூட்டியே விடுமுறை விட்டு வகுப்பறைகளில் கோதுமையைக் கொட்டிவைத்தார்கள். ஜூலையில் இந்திரா காந்தி 'கோதுமைப் புரட்சி' தபால்தலையை வெளியிட்டார். அமெரிக்கப் புத்தகக் கடைகளுக்கு எர்லிக்கின் புத்தகம் வந்ததும் அதே ஆண்டில்தான். 1981 சென்ஸஸில் இந்தியாவின் ஜனத்தொகை 68 கோடி. அவர் சாத்தியமில்லை என்ற அந்த 20 கோடிப் பேரில் பெரும்பாலோர் பிறந்து வளர்ந்துகொண்டிருந்தார்கள். 1980-81ன் தானிய உற்பத்தி ஏறத்தாழ 13 கோடி டன்.

கணிப்பு பொய்த்தால் கணித்தவர் என்ன செய்வார்? தலையைச் சொறிந்துகொண்டு கணக்கைத் திரும்பப் பார்ப்பார் என்று எதிர்பார்ப்பது மனித சுபாவம் தெரியாதவர்களின் வேலை. 2009ல் எர்லிக் தம்பதியர் தங்கள் புத்தகத்தை மறுபரிசீலனை செய்து ஒரு கட்டுரை எழுதினார்கள். புத்தகத்தின் பெரிய குறை என்று அவர்கள் கண்டது, அது எதிர்காலத்தைப் பற்றி மிதமிஞ்சிய நம்பிக்கையோடு இருந்துவிட்டது என்பதுதான். பஞ்சம் வந்திருந்தால் அவர் சொன்னது சரி. வராததால் அது தள்ளிப் போயிருக்கிறது, ஆகவே அப்போதும் சரி. இப்படி ஒரு நம்பிக்கையை எந்த அறுவடையாலும் அசைக்க முடியாது.

அவரோடு மோதியவர் கதை இன்னும் சுவாரஸ்யமானது. பொருளாதார நிபுணர் ஜூலியன் சைமன், மனித மூளை இருக்கும்வரை எந்தப் பொருளுக்கும் பஞ்சம் வராது என்ற கட்சி. 1980ல் இருவருக்கும் பந்தயம். செம்பு, குரோமியம், நிக்கல், வெள்ளீயம், டங்ஸ்டன் ஆகிய ஐந்து உலோகங்களில் ஒவ்வொன்றுக்கும் 200 டாலர். பத்து ஆண்டுகளில் பணவீக்கத்தைக் கழித்த பிறகு விலை ஏறினால் எர்லிக்குக்கு வெற்றி, இறங்கினால் சைமனுக்கு. 1990 அக்டோபரில் எர்லிக்கிடமிருந்து 576 டாலர் 7 சென்டுக்கு ஒரு செக் வந்தது. சைமன் கட்சிக்காரர்கள் அதை இன்றும் கொண்டாடுகிறார்கள். ஆனால் பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். இருபதாம் நூற்றாண்டில் பந்தயத்தை வேறு ஏதாவது பத்தாண்டில் தொடங்கியிருந்தால், பெரும்பாலும் எர்லிக்தான் ஜெயித்திருப்பார். சைமனின் கொள்கைக்கு உதவிய அளவு காலண்டரும் உதவியிருக்கிறது. ஜெயித்தவருக்கு அது தெரிந்ததாகத் தெரியவில்லை. தொடர்ந்து பெருகும் மக்களுக்கு அடுத்த 700 கோடி ஆண்டுகளுக்கு உணவும் உடையும் எரிசக்தியும் கொடுக்கக்கூடிய அறிவு இப்போதே கையில் இருக்கிறது என்று 1990களில் அவர் எழுதினார். சூரியனுக்கே அவ்வளவு ஆயுள் உண்டா என்பது சந்தேகம்.

எர்லிக்கும் சைமனும் விதிவிலக்குகள் என்று நினைத்து நிம்மதி அடைய வேண்டியதில்லை. அமெரிக்க உளவியலாளர் ஃபிலிப் டெட்லாக் 1980களில் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் 284 நிபுணர்களிடமிருந்து 82,000க்கு மேற்பட்ட கணிப்புகளை எழுதி வாங்கி வைத்துக்கொண்டார். அரசியல், பொருளாதாரம், போர் என்று எல்லாம் அதில் உண்டு. காலம் கடந்ததும் எடுத்து நடந்ததோடு ஒப்பிட்டார். 2005ல் வெளியான முடிவு நிபுணர்களுக்குப் பெருமை சேர்ப்பதாக இல்லை. நடக்கவே நடக்காது என்று அவர்கள் கைவிட்டவற்றில் ஏறத்தாழ 15 சதவீதம் நடந்தது. நிச்சயம் நடக்கும் என்றவற்றில் ஏறத்தாழக் கால் பங்கு நடக்கவில்லை. ஒரே பெரிய தத்துவத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அதில் அடைப்பவர்கள் மோசமாகத் தவறினார்கள். பத்திரிகைகளும் டிவியும் அதிகம் தேடிப் போனது அவர்களைத்தான். 'ஒருவேளை', 'ஆனால்', 'அந்தப் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது' என்று இழுப்பவரை மறுநாள் ஸ்டூடியோவுக்கு யார் கூப்பிடுவார்கள்?

இதில் ஒரு வேடிக்கை. தன் நிச்சயத்தை ஓரளவு சரியாக எடைபோடத் தெரிந்தவர்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் அடையாளம் கண்ட சிலரில், உலகமே கேலி செய்யும் வானிலை ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் அவர்கள் மழைக்கு 70 சதவீத வாய்ப்பு என்று சொன்ன நாட்களை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது நாட்களில் மழை பெய்திருந்தது. அவர்கள் மற்றவர்களைவிட அடக்கமானவர்கள் என்று சொல்ல முடியாது. திங்கட்கிழமை சொன்னதற்குச் செவ்வாய்க்கிழமை வானமே மார்க் போட்டுவிடுகிறது, அவ்வளவுதான். ஒரு தலைமுறைக்கு அப்பால் நடக்கப் போவதைச் சொல்பவருக்கு மார்க் போட யாரும் மிச்சமிருப்பதில்லை.

நடுவில் அந்தக் கணிப்புக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதுதான் இந்தக் கதையில் நெஞ்சை உறுத்தும் பகுதி. 1960களின் பிற்பகுதியில் இந்தியாவின் சுகாதார, குடும்பக் கட்டுப்பாட்டு அமைச்சராக இருந்த மக்கள்தொகை அறிஞர் டாக்டர் எஸ்.சந்திரசேகர், மூன்று அல்லது அதற்கு மேல் குழந்தைகள் உள்ள எல்லா ஆண்களுக்கும் கட்டாயக் கருத்தடை என்ற யோசனையை வெளியிட்டார். அதை நிறைவேற்றும்படி அமெரிக்கா இந்தியாவை நெருக்கியிருக்க வேண்டும், ஹெலிகாப்டர்களும் ஆபரேஷன் கருவிகளும் கொடுத்திருக்க வேண்டும் என்று எர்லிக் எழுதினார். அன்று அது யோசனையாகவே நின்றது. பத்தாண்டுக்குள் நாட்டில் எமர்ஜென்சி வந்தது. 1974ல் புக்காரெஸ்ட் மாநாட்டில், சிறந்த கருத்தடைச் சாதனம் வளர்ச்சிதான் என்று உலகம் கைதட்டும்படி பேசிய கரண் சிங்தான் 1976 ஏப்ரலில் அமைச்சர். வளர்ச்சி வரும்வரை காத்திருக்க முடியாது என்றது அவர் அறிவித்த புதிய மக்கள்தொகைக் கொள்கை. மாநிலங்கள் விரும்பினால் கட்டாயச் சட்டம் போடலாம் என்றும் அனுமதித்தது.

1976-77ல் ஒரே ஆண்டில் சுமார் 82 லட்சம் கருத்தடை ஆபரேஷன்கள் நடந்தன. முந்தைய ஆண்டின் எண்ணிக்கை ஏறத்தாழ 26 லட்சம். மூன்று மடங்கு என்று சொல்லிவிடுவது சுலபம். பள்ளி ஆசிரியருக்குக் கோட்டா, ஆள் பிடிக்காவிட்டால் சம்பளம் நிற்கும். ரேஷன் கார்டுக்கும் லைசென்ஸுக்கும் ஆபரேஷன் சர்டிபிகேட். ஹரியானாவின் உத்தாவர் கிராமத்தை நவம்பர் மாதம் ஒரு நாள் விடிவதற்குள் போலீஸ் சூழ்ந்துகொண்டது. ஆண்களைத் திரட்டிப் போனார்கள். பழைய தில்லியில் துர்க்மான் கேட்டில் அதற்கு முன்பே ஏப்ரலில், வீடுகளை இடித்த புல்டோஸருக்கு எதிராக எழுந்த கோபத்தில் கருத்தடைக் கோபமும் கலந்திருந்தது. துப்பாக்கிச் சூடு நடந்தது. இதே நவம்பரில் உலக வங்கித் தலைவர் ராபர்ட் மெக்னமாரா இந்தியா வந்து, மக்கள்தொகை விஷயத்தில் அரசு காட்டும் உறுதியைப் பாராட்டிவிட்டுப் போனார். வியட்நாமில் செத்தவர்களின் எண்ணிக்கையை வைத்து வெற்றியை அளந்த அதே மெக்னமாராதான். அந்தப் போரில் தாங்கள் செய்தது பெரும் தவறு என்று அவர் எழுத 1995 ஆகிவிட்டது.

கருத்தடை தொடர்பாக 1,774 மரணங்களை ஷா கமிஷன் பிறகு பதிவு செய்தது. அவர்களில் எவரும் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்க நியாயமில்லை. பஞ்சம் வந்தே தீரும் என்ற உறுதி கலிபோர்னியாவில் புறப்பட்டு, வாஷிங்டனில் கொள்கையாகி, தில்லியில் இலக்காகி, மாவட்டத்தில் கோட்டாவாகி, கடைசியில் ஒரு விவசாயக் கூலியின் வேட்டியை அவிழ்ப்பதில் வந்து நின்றது. இதில் எமர்ஜென்சி அதிகாரிகளின் பங்கை எர்லிக்கின் தலையில் கட்டிவிட முடியாது. ஆனால் உலகம் அழியப் போகிறது என்று நிச்சயமாகத் தெரிந்தவனுக்கு எந்தக் கொடுமையும் சிறியதாகத் தெரியும் என்பதை இருவர் விஷயத்திலும் பார்க்க முடிகிறது.

1977ல் உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளிலும் பீகாரின் 54 தொகுதிகளிலும் காங்கிரஸுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. குடும்பக் கட்டுப்பாடு என்ற பெயரை அழித்துக் குடும்ப நலம் என்று எழுதினார்கள். ஆண்களின் வாக்கு பயமுறுத்திவிட்டதால் சுமை மெல்லப் பெண்கள் பக்கம் நகர்ந்தது. 2019-21ன் தேசியக் குடும்ப நல ஆய்வில், திருமணமான பெண்களில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் ஏறத்தாழ 38 சதவீதம். கணவர் செய்துகொண்டதாகச் சொன்னவர்கள் 0.3 சதவீதம். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரு முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார்கள். பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள். எமர்ஜென்சி முடிந்து முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து நடந்தது இது.

இத்தனைக்கும் குழந்தைப் பிறப்பு குறைந்தது எங்கே? கட்டாயம் தலைவிரித்தாடிய மாநிலங்களில் கடைசியில்தான் குறைந்தது. முதலில் குறைந்தது கேரளத்தில், அடுத்துத் தமிழ்நாட்டில். இரண்டு மாநிலங்களும் 1990களின் முற்பகுதிக்குள்ளேயே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு குழந்தைகள் என்ற அளவை எட்டிவிட்டன. பெண்கள் பள்ளிக்கூடம் போனார்கள். கல்யாண வயது ஏறியது. பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற தைரியம் வந்தது. மதிய உணவும் கிராமத்து நர்ஸம்மாவும் தங்கள் பங்கைச் செய்தார்கள். எது எவ்வளவு காரணம் என்பதில் நிபுணர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை, அது ஆரோக்கியமான விஷயம்தான். இந்தியாவின் சராசரியே 2019-21ல் 2.0 ஆகிவிட்டது, தமிழ்நாட்டில் 1.8.

உடனே மறுபக்கத்திலிருந்து கவலை ஆரம்பித்துவிட்டது. 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு அதிகக் குழந்தைகள் பெற்றுக்கொள்ளும்படி பேசினார். தமிழக முதல்வர் ஸ்டாலின் ஒரு திருமண மேடையில், தொகுதிகள் குறையும் கவலையோடு பதினாறும் பெற்றுக்கொள்ளலாமா என்று கேட்டார். இரண்டு குழந்தைகளுக்கு மேல் உள்ளவர்கள் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது என்ற தடையை ஆந்திரம் அதே நவம்பரில் நீக்கியது. ஐம்பது ஆண்டுகளாக 'போதும்' என்று கேட்டுவந்த அதே பெண்கள் இனி வேறு கோஷங்களைக் கேட்கப் போகிறார்கள் போலிருக்கிறது.

கோதுமைக் கட்சியும் தப்பிக்கவில்லை. விளைச்சல் பெருகினால் பசி தீரும் என்பது அவர்களில் பலருடைய நிச்சயம். 1968 டிசம்பரில், புதிய நெல் பரவிக்கொண்டிருந்த தஞ்சை மாவட்டத்தில், கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் கீழ்வெண்மணியில் எரித்துக் கொல்லப்பட்டார்கள். நெல் அதிகம் விளைவதும் அது யார் பானைக்குப் போகிறது என்பதும் வேறு வேறு கேள்விகள். வங்காள தேசத்தில் 1974 பஞ்சம் நடந்தது தலைக்குக் கிடைத்த உணவு குறையாத ஆண்டில் என்று அமர்த்யா சென் காட்டினார். தானிய உற்பத்தி 33 கோடி டன்னைத் தாண்டிவிட்ட இந்தியாவில், 2019-21ன் ஆய்வுப்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள்.

பஞ்சாபில் இன்று ஆண்டுதோறும் ஊறுவதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் நிலத்தடி நீரை உறிஞ்சுகிறார்கள். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்றால் அது பொய். 1968 ஜனவரியில் வாராணசியில் நடந்த இந்திய விஞ்ஞான காங்கிரஸில் ஒருவர் எழுந்து, மண்வளத்தைக் காக்காமல் தீவிர சாகுபடி செய்தால் நிலம் பாலைவனமாகும் என்றார். வடிகால் இல்லாமல் பாசனம் செய்தால் மண் உவர்ப்பாகும், கண்மூடித்தனமாகப் பூச்சிமருந்து அடித்தால் தானியத்திலேயே நஞ்சு சேரும், நிலத்தடி நீரைக் கணக்கில்லாமல் இறைத்தால் அது தீரும், பல நூறு உள்ளூர் ரகங்களை விட்டுவிட்டு ஒன்றிரண்டு ரகங்களையே பரவலாக விதைத்தால் ஒரே நோயில் எல்லாம் போகும் என்று அடுக்கினார். பேசியவர் எம்.எஸ்.சுவாமிநாதன், வயது 42. அந்த ஒன்றிரண்டு ரகங்களை நாடு முழுக்கக் கொண்டுபோனவர்களில் முதல் ஆள். அவர் பேசிய அன்று பஞ்சாபின் வயல்களில் கோதுமை இன்னும் பால் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடங்களைக் காலி செய்ய இன்னும் சில மாதங்கள் இருந்தன.